இடப்பக்கத்து வயலின்

மாதுங்கா, பம்பாய்
18-8-1959

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்து நாளாகிவிட்டது. உங்கள் கடிதம் வரும் வரும் என்று தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. நாங்கள் கிளம்பின அன்று தென்காசி ரயிலடிக்கும் அத்தான் மட்டும்தான் வந்தார்கள். முறுக்குப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு, "ஒங்க அக்காவுக்குத் தலவலி, அதான் வரல" என்றார்கள். உங்களுக்கு வெறும் தலைவலி என்றால் அத்தான் முகம் அப்படி இருக்காது.

அன்று நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். அப்படி எழுதினாலாவது என் தப்பு எது என்று எனக்குத் தெரிகிறதா பார்ப்போம். செங்கோட்டை மர வியாபாரி மீரான் அண்ணாச்சி கொழும்பிலிருந்து ஆள் உயர வயலின் மாதிரி ஒரு செலோவும் இசைத்தட்டுப் பெட்டியுமாக வந்து இறங்கினார். நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற மேல்நாட்டு இசையைக் குற்றாலத்தில் சீசனுக்கு வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. செலோ அவர். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலாவுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஞானமுத்து சார். முதல் வயலின் நீங்கள், இரண்டாவது நான். கோடு போட்ட மேல்நாட்டு இசை எழுத்தையெல்லாம் சார் நமக்காக ச ரி க ம-வில் மாற்றி எழுதிக் கொடுத்தார். நாம் தந்திகளை அவர்கள் முறைப்படி ஏற்றி இறக்கிக்கொண்டோம். ஸ்வரத்தை அசைக்காமல் நிறுத்த எவ்வளவு பாடுபட்டோம் என்று உங்களுக்கே தெரியும்.

அன்று அண்ணாச்சியின் குற்றாலம் பங்களாவில், ஹைடன் எழுதினதில் மெதுவான பகுதி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நீங்கள் ஒரு வரியை முடித்தீர்கள். முன்னால் இருந்த ஒருவர் "பேஷ்" என்றார். உடனே நீங்கள் அந்த வரியைத் திரும்ப எடுத்தீர்கள். அதற்குள் நாங்கள் மூன்று பேரும் அடுத்த வரிக்குப் போய்விட்டோம். நீங்கள் நிறுத்தினீர்கள், வயலினைப் பெட்டியில் வைத்தீர்கள், ஜட்கா பிடித்து வீட்டுக்குப் போய்விட்டீர்கள். சபையே என்னைப் பார்த்தது. நான் தாளில் இருந்ததை வாசித்தேன், அவ்வளவுதான்.

ஐப்பசியில் இலஞ்சிக் குமரன் கோயிலில் நம் கச்சேரி இருக்கிறது. 'தென்காசி சகோதரிகள்' என்று நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். நான் வர வேண்டுமா, வேண்டாமா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

கல்யாணசுந்தரி


குமரன் துணை

தென்காசி
7-9-1959

கல்யாணிக்கு,

எப்போதிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? சண்டை போடுவதானால் எப்போதும்போல 'நீ' என்றே போடு. கடிதம் பூராவும் யாரோ மாமியாருக்கு எழுதினதுபோல இருக்கிறது.

நான் அந்த வரியைத் திரும்ப வாசித்தது உண்மை. நீ வரவில்லை என்பதும் உண்மை. மேடையில் இத்தனை வருஷமாக நான் எங்கே போனாலும் கூடவே வந்தவள் நீ. நான் ஒரு தாளம் இடறினால் நீயும் என்னோடு சேர்ந்து இடறுவாய். கேட்கிறவர்களுக்கு இடறினதே தெரியாது. கூட வாசிப்பது என்றால் அதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் நீ காகிதத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாய்.

உட்கார்ந்த இடமே சரியில்லை. கச்சேரியில் என்றைக்கும் நீ எனக்கு வலப்பக்கம். மீரான் அண்ணாச்சி ஒரு இசைத்தட்டு அட்டையில் இருந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் படத்துல இருக்க மாதிரிதாம்மா உக்காரணும்" என்று உன்னை என் இடப்பக்கம் வைத்தார். நான் அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கோயிலில் நோட்டீஸ் அடிக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டேன். சகோதரிகள் கச்சேரி இனிமேல் கிடையாது. என் வயலின் பெட்டிக்குள் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

அத்தான் சுகம். பசு கன்று போட்டிருக்கிறது. சீம்பால் என்றால் உனக்கு உயிர். என்ன செய்ய, தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

சண்முகசுந்தரி


மாதுங்கா, பம்பாய்
2-12-1959

அக்கா,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். ஆனால் சண்டை சண்டைதான்.

கச்சேரி இனிக் கிடையாது என்று நீ ஒரே வரியில் எழுதிவிட்டாய். சஷ்டி நாளில் நான் இங்கே சமையல்கட்டில் உட்கார்ந்து, இந்நேரம் நாம் எந்தக் கீர்த்தனையில் இருப்போம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாந்த்ராவில் இருக்கும் ஒரு கோவாக்காரரிடம் அழைத்துப் போனார்கள். அவர் வயலின் சொல்லிக் கொடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக் கூடத்தில் நாலு நாற்காலி போட்டு நாலு பேர் வாசிக்கிறார்கள். இரண்டாவது வயலின்காரர் வேலை மாறிப் போய்விட்டாராம். இப்போது அந்த நாற்காலியில் நான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வயலினைத் தாடைக்குக் கீழே கொடுத்து, பார்த்தால் நீ சிரிப்பாய்.

நாம் வாசித்த ஹைடன் அப்படி அறுபதுக்கு மேல் எழுதியிருக்கிறாராம். ஒரு ஜமீனுக்குக் கீழே, நகரத்தை விட்டு ரொம்பத் தள்ளி, வருஷக்கணக்காக இருந்தவராம். யாரையும் பார்த்து எழுத வழியில்லாமல் தன் பாட்டுக்குப் புதிது புதிதாக எழுதியிருக்கிறார். போரோடின் என்று ஒரு ரஷ்யர். ரசாயனம் சொல்லிக் கொடுத்ததுதான் அவர் பிழைப்பு. அவருடையதில் ஒரு மெதுவான பகுதியை வாசித்தோம். செலோ முதலில் பாடுகிறது. அதை வயலின் வாங்கிப் பாடுகிறது. அப்புறம் ஒன்று முன்னே போக, மற்றது கொஞ்சம் பின்தங்கி அதையே சொல்லிக்கொண்டு வருகிறது. அக்கா, அது நம்முடையது மாதிரியே இருக்கிறது. நீ முன்னே, நான் பின்னே.

ஆனால் எல்லாம் அப்படி இல்லை. அன்றைக்கு நான் வரவில்லை என்று எழுதினாயே, ஏன் என்று சொல்கிறேன். நான் உன்னோடு திரும்பி வந்திருந்தால் நாம் இரண்டு பேர் ஒரு பக்கம், அவர்கள் இரண்டு பேர் ஒரு பக்கம் என்று ஆகியிருக்கும். நான் என் இடத்திலேயே நின்றால் நீ என்னைக் கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவாய் என்று நினைத்தேன். என் காதைவிட உன் காது கூர்மை. தம்புராவில் ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள் நீ. நீ வராததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஒரு பேஷுக்காக நாலு பேர் வாசிப்பைக் கெடுத்துவிட்டாயே என்று அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

கல்யாணி


குமரன் துணை

தென்காசி
20-1-1960

கல்யாணிக்கு,

ஒரு பேஷுக்காகச் செய்தேன் என்கிறாய். அப்படியே வைத்துக்கொள்.

உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மீரான் அண்ணாச்சி விடவில்லை. பங்களாவில் ஈரம் ஏறி இசைத்தட்டெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது, வெயில் வருகிற வீடாக ஒன்று வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கிராமபோனையும் தட்டுப் பெட்டியையும் கொண்டுவந்து நம் வீட்டுப் பட்டாசாலைக் கூடத்தில் இறக்கிவிட்டார். செங்கோட்டையில் அவர் வீட்டு மாடியில் வெயிலே அடிக்காதா? எனக்குத் தெரியாதா அவர் தந்திரம். மத்தியானம் சாப்பாட்டுக்கடை முடிந்த பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறேன்.

ஹைடனைக் கேட்டால் எனக்கு அன்றைய நாள் ஞாபகம் வருகிறது, அதனால் அவரை அடியில் வைத்துவிட்டேன். பார்டோக் என்று ஒருவர், ஹங்கேரிக்காரர், நம் காலத்தில் இருந்தவர்தான். ஊர் ஊராகப் போய்க் குடியானவர்கள் பாட்டைச் சேகரித்தவராம். அவர் தட்டைப் போட்டிருந்தபோது அத்தான் சட்டை மாட்ட வந்தவர் நின்றுவிட்டார். "ஏட்டி, நாலு பேரும் சண்ட போடுதானுவளா, இல்ல சொத்தப் பங்கு வைக்குதானுவளா?" என்றார். இரண்டும்தான் என்றேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "கடைசியில ஒருத்தனும் விட்டுக்கொடுக்கல, பாத்தியா" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தானுக்கு இசை தெரியாது என்று யார் சொன்னது.

அண்ணாச்சி போன வாரம் வந்தார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பெட்டி மேலயே ஏறி உக்காந்திருக்கீக? கொழா வாய்க்குள்ள தலய உடுதீகளா?" என்று சிரித்தார். பழைய பெட்டி, சத்தம் வருவதில்லை என்றேன். அவர் பெட்டியைக் குறை சொன்னதில் அவருக்கு வருத்தம்.

வயலினை எடுக்கவில்லை. நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சண்முகசுந்தரி


மாதுங்கா, பம்பாய்
14-7-1960

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாதது கோபத்தினால்தான். 'அப்படியே வைத்துக்கொள்' என்றால் என்ன அர்த்தம்? ஆமாம் என்று சொல், அல்லது இல்லை என்று சொல். இரண்டும் இல்லாமல் கதவைச் சாத்தினால் நான் வெளியில் நின்றுகொண்டு என்ன செய்வேன்?

மீரான் அண்ணாச்சி எனக்கு எழுதியிருந்தார். இந்த சீசனுக்குப் பங்களாவைத் திறக்கவே இல்லையாம். செலோவை உறை போட்டு மூலையில் சாய்த்துவிட்டாராம். 'நாலில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் இருந்தால் நானும் ஞானமுத்துவும் யாருக்கம்மா வாசிக்க' என்று எழுதியிருக்கிறார். நம் சண்டையில் இரண்டு வயசான மனுஷர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. உனக்கு?

இங்கே மழை ஊற்றுகிறது. நம் சாரல் மாதிரி இல்லை, கோபக்கார மழை. போன ஞாயிற்றுக்கிழமை ரவெல் என்கிற பிரெஞ்சுக்காரருடையதைக் கற்றுக்கொண்டோம். அதில் ஒரு பகுதியை நாலு பேரும் வில்லைக் கீழே விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டித்தான் தொடங்குகிறோம். ஓட்டு வீட்டில் சாரல் விழுகிற சத்தம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஊர் ஞாபகம் வந்து ஒரு ஸ்வரத்தைத் தவறவிட்டேன். யாரும் எனக்காக நிற்கவில்லை. இரண்டு வரி தள்ளிப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

உன்னிடம் இருக்கிற பெட்டியில் ஸ்மெட்டனா என்று ஒருவருடைய தட்டு இருக்கும், அண்ணாச்சி சொன்னார். பொஹிமியாக்காரர், இப்போது செக்கோஸ்லோவாக்கியா. நாங்கள் அதைத்தான் அடுத்து எடுக்கப் போகிறோம். கடைசிப் பகுதியைக் கேள். ஆட்டமும் பாட்டமுமாகப் போய்க்கொண்டிருப்பது சட்டென்று நிற்கும். கீழே மூன்று பேர் நடுங்க, மேலே முதல் வயலின் மட்டும் ஒரே ஒரு உச்ச ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காது கெட்டுப்போகிறபோது அவருக்குள் கேட்டுக்கொண்டிருந்த விசிலாம் அது. அதையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார் பார். உன்னைத் தவிர வேறு யாரிடம் இதையெல்லாம் பேசுவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

கல்யாணி


தென்காசி
9-10-1960

கல்யாணி,

நீ சொன்ன தட்டைப் போட்டேன். கல்யாண வீடுபோலக் குதித்துக்கொண்டு போனது, நின்றது. அந்த ஸ்வரம் வந்தது. நான் ஊசியைத் தூக்கிவிட்டேன். தட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. எனக்கு அதை முன்னாலேயே தெரியும். என் இடது காதில் அது வந்து குடியேறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

முதலில் அருவிச் சத்தம் என்றுதான் நினைத்தேன். சீசன் நேரம், பங்களாவில் எந்நேரமும் பேரருவி இரைந்துகொண்டிருக்கும், காதில் அதுதான் ஒட்டியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். சீசன் முடிந்தது. அருவி வற்றிப் பாறை தெரிந்தது. என் காதில் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு அது மெலிந்து மெலிந்து விசில் ஆனது. இப்போது அந்தக் காதில் அதைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

அன்றைக்கு நீ என் இடப்பக்கம். எதிரே செலோ கேட்கிறது, வியோலா கேட்கிறது. அந்த வரி முடிகிற இடத்தில் உன்னைக் காணவில்லை. தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. கல்யாணி வழி தவறிவிட்டாள் என்று நினைத்தேன். நீ தவறினால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். அதைத்தான் செய்தேன். அந்த மனுஷன் பேஷ் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. உன் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

திரும்ப எடுத்த பிறகும் நீ வந்து சேரவில்லை. அப்போதுதான் தலையைத் திருப்பினேன். உன் வில் போகிறது, வருகிறது. சத்தம் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அதனால்தான் எழுந்து போனேன். நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். வயலின்காரிக்குக் காது போய்விட்டது என்று ஊர் பேசுவதைவிட, அக்காவும் தங்கையும் சண்டை என்று பேசுவது எனக்கு மேலாக இருந்தது. அத்தானுக்கு மட்டும் தெரியும். ரயிலடியில் அவர் முகம் சரியாக இல்லை என்று எழுதினாயே, அது இதனால்தான்.

பாளையங்கோட்டையில் காது பார்க்கிற டாக்டரிடம் போனோம். இடது காதுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லையாம். வலது காதும் மெல்ல அதன் வழியே போகுமாம். "எப்பம்னு சொல்ல முடியாதும்மா, இருக்கிற வரைக்கும் நல்லதாக் கேளுங்க" என்றார். நல்ல மனுஷன்.

நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் திரும்பி வந்தேன். அது உனக்குத் தெரியாமல் போனால் போகட்டும் என்று இருந்தேன். இந்த ஸ்மெட்டனா விடவில்லை.

அக்கா


மாதுங்கா, பம்பாய்
25-10-1960

அக்கா,

உன் கடிதத்தைக் குளியலறையில் நின்று படித்து அழுதேன். வெளியில் வந்தும் அழுதேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் ஊருக்குத் தந்தி கொடுக்கட்டுமா என்றார்கள்.

பாவூர்சத்திரத்துக் கல்யாணக் கச்சேரி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த வயது. நடுவில் எல்லாம் மறந்துபோய், வில்லைத் தந்தியில் வைத்தபடி சும்மா உட்கார்ந்துவிட்டேன். நீ அதே வரியைத் திரும்ப எடுத்தாய். மறுபடியும் எடுத்தாய். நான் வந்து ஒட்டிக்கொள்கிற வரைக்கும் விடவில்லை. முன்னால் இருந்த ஒருவர், "சங்கதி எப்படி வந்து விழுது பாத்தேரா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவருக்கு அது சங்கதி, ஒரே வரியை விதவிதமாக வாசிக்கிற அழகு. நான் மட்டும் உன் முகத்தைப் பார்த்தேன். நீ எனக்காகத்தான் வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு தெரிந்திருந்தும் குற்றாலத்தில் அதையே நீ செய்தபோது ஒரு பேஷுக்காக என்று நினைத்துவிட்டேன். அப்படி எழுதவும் செய்தேன். என்னை நீ என்ன திட்டினாலும் தகும்.

இரண்டு பேரும் ஒருத்திக்காக ஒருத்தி அதே இடத்தில்தான் நின்றிருக்கிறோம். நீ எனக்காகத் திரும்பினாய். நான் உனக்காக நகராமல் இருந்தேன். இதற்காகவா ஒரு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டோம்?

பாந்த்ராக்காரரிடம் கேட்டேன், இரண்டாவது வயலின் முதல் வயலினுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் குற்றமா என்று. "அதற்கெல்லாம் சட்டம் கிடையாது, ஒருவருக்கு மற்றவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார். அந்த அட்டைப் படத்தை எடுத்த புகைப்படக்காரனை நினைத்து எனக்கு ஆத்திரமாக வருகிறது.

உடனே வரத்தான் மனசு துடிக்கிறது. இங்கே இவர்களுக்கு வைகாசிக்குத்தான் விடுப்பு. சாரல் ஆரம்பிக்கிறபோது அங்கே இருப்பேன். போரோடினை ச ரி க ம-வில் எழுதி ஞானமுத்து சாருக்கும் உனக்கும் அனுப்புகிறேன். முன்னே போகிறது உன்னுடையது, பின்னே வருகிறது என்னுடையது. வயலினைப் பெட்டியிலிருந்து எடு அக்கா. உன் வலது காதில் நான் எவ்வளவு வாசிக்க முடியுமோ அவ்வளவும் வாசிக்க வேண்டும்.

கல்யாணி


குமரன் துணை

தென்காசி
24-5-1961

அன்புள்ள கல்யாணிக்கு,

நீ கொல்லம் மெயிலில் வருவதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். போன தடவைபோல இல்லை, இந்தத் தடவை ரயிலடிக்கு நானே வருகிறேன். மீரான் அண்ணாச்சி செங்கோட்டையிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அத்தானும் வருவார், ஆனால் அவர் உன் பெட்டிகளைத்தான் தேடுவார்.

வயலினை எடுத்துவிட்டேன். ஒரு தந்தி அறுந்து சுருண்டு கிடந்தது, மாற்றினேன். பழகின விரல் மறக்கவில்லை. போரோடின் எனக்குப் படிந்துவிட்டது. அவ்வளவு நேரம் ஒரு ஸ்வரத்தை அசைக்காமல் வைத்திருக்க எனக்கு இன்னும் கை கூசுகிறது. அந்த மெதுவான பகுதியை நான் தனியாக வாசிக்கும்போது, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நீ வருகிற இடத்தில் நிறுத்திக் காத்திருக்கிறேன். அத்தான் பார்த்துவிட்டு, "யாரு வரணும்னு பாத்துக்கிட்டிருக்க?" என்கிறார்.

போன வாரம் எல்லோரும் குற்றாலத்துக்குப் போய்ப் பங்களாவைத் திறந்து தூசி தட்டினோம். அண்ணாச்சி அதே அட்டைப் படத்தை வைத்துக்கொண்டு இடம் போட ஆரம்பித்தார். உன் மணையை நானே தூக்கி என் வலப்பக்கம் வைத்தேன். ஞானமுத்து சார், "அம்மா, மேல்நாட்டு வழக்கப்படி அது..." என்று இழுத்தார். "சார், இந்த மேல்நாட்டு வழக்கத்துனாலதான் எனக்கும் எந் தங்கச்சிக்கும் பேச்சே இல்லாமப் போச்சு" என்றேன். அண்ணாச்சி படத்தைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவர்களுக்கு இப்போது எல்லாம் தெரியும். ஊருக்கும் தெரிந்தால் தெரியட்டும். இலஞ்சிக் கோயிலில் ஐப்பசிக்கு நோட்டீஸ் அடிக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

காது முன்னைவிடக் கொஞ்சம் மட்டுதான். பயப்படாதே, வலது பக்கத்தில் இன்னும் நீ பேசுகிற அளவுக்கு இடம் இருக்கிறது.

ஒன்றே ஒன்று. தென்காசி ரயிலடியில் கூட்டம் இருக்கும், என்ஜின் ஊதும். வண்டியை விட்டு இறங்கினதும் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்காதே, எனக்குக் கேட்காது. எனக்கு வலப்பக்கமாக வந்து கையைப் பிடி.

அக்கா